ஆம்புலன்ஸில் நாலு படுக்கை

இருபது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் அவன். பதினேழு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், இடுப்பில் கட்டிய ஒரு பட்டையை நம்பித் தொங்கிக்கொண்டு, கீழே நிற்கிறவனோடு முந்தின நாள் பார்த்த மேட்ச்சைப் பற்றி வாதாடியபடியே வேலை செய்வான். அங்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் வீட்டுக் கூரையோரம் மழைத்தண்ணீர் போகும் தகரக் கால்வாயில் அடைத்திருந்த சருகை எடுக்க ஒன்பதடி ஏணியில் ஏறினான். ஏணி வழுக்கியது. அன்றிலிருந்து இரண்டு காலும் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அது நடந்து இரண்டு வருஷமாகிவிட்டது. கம்பெனி அவனைக் கைவிடவில்லை. புகார் வாங்கும் மேஜையில் உட்காரவைத்தது. ஆறாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது பதறிக்கொண்டு போன் செய்தால், கதவு எத்தனை விரல் திறந்திருக்கிறது, என்ன சத்தம் வந்தது என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, என்ன கோளாறு என்று இங்கிருந்தே சொல்லிவிடுவான். அவன் மனைவி திரைச்சீலைக் கடையில் அளவெடுத்துத் தைக்கிறவள். பெரிய மகளுக்குப் பதினைந்து வயது. சின்னவளுக்கு எட்டு. அவளை வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது பொடிசு என்றுதான்.

விழுவதற்கு முன்னால், பள்ளி விடுமுறை வந்தால் போதும், நாலு பேரும் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஏரிக்குப் போய்விடுவார்கள். கூடாரம் அடிப்பது, அடுப்பு மூட்டுவது, பொடிசை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவது எல்லாம் அவன் வேலை. இப்போது கூடாரம் பரணில் கிடந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதற்கு நாலு பேருமே பழகியிருந்தார்கள்.

பொடிசுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் ஸ்டூல் போட்டு ஏறிக் கூடாரத்தை இழுத்துப் போட்டு, ஹாலில் சோபாக் காலிலும் ஜன்னல் கம்பியிலும் கயிற்றைக் கட்டி நிமிர்த்திவிட்டாள். வேலை முடிந்து வந்தவன் சக்கர நாற்காலியோடு அதன் வாசலில் போய் நின்றான். வாசல் அவன் முட்டி உயரம்தான் இருந்தது. உள்ளே தரையில் படுக்கை. தரைக்கு இறங்கிவிடலாம், திரும்ப நாற்காலிக்கு ஏற இரண்டு ஆள் வேண்டும். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்:

"அடுத்த லீவுக்கு நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

வீட்டை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை என்று அவன் மனைவிக்கு வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். தரையில் படுக்க முடியாது என்றால் தரையை உயர்த்த வேண்டியதுதான். படுக்கை உள்ள வண்டி வாங்குவது. கூடாரத்துக்குச் சக்கரம் வைத்தது போல.

அவள் அரைநாள் லீவு போட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு கேம்பர் வண்டிகள் விற்கும் கடைக்குப் போனாள். பளபளவென்று பதினோரு வண்டிகள் வரிசையாக நின்றன. விற்பனையாளர் டை கட்டியிருந்தார். அடுப்பைத் திறந்து காட்டினார், குழாயைத் திருகிக் காட்டினார், மேஜையை மடித்துக் கட்டிலாக்கிக் காட்டினார். அவள் அடுப்பைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நேராகக் கதவை அளந்தாள். இருபத்திரண்டு அங்குலம். நாற்காலி இருபத்தாறு. அடுத்த வண்டி இருபத்தொன்று. அதற்கடுத்தது இருபத்திரண்டரை, ஆனால் மூன்று படி.

குழந்தைகள் உள்ளே ஏறி ஓடிக்கொண்டிருந்தார்கள். பொடிசு மேல் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "அப்பா, இங்க ஃப்ரிட்ஜ்கூட இருக்குப்பா, வந்து பாரு," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

விற்பனையாளர் குழந்தைகளின் அம்மாவைப் பார்த்து, "கதவு ஒரு பிரச்சனையே இல்ல மேடம். ரெண்டு பேர் இருந்தா சாரைத் தூக்கி உள்ள வெச்சுடலாம். சார் என்ன வெயிட் இருப்பாரு?" என்று கேட்டார்.

"எழுபத்தொண்ணு," என்றான் அவன் கீழேயிருந்து. "என்னையே கேக்கலாம். கால்தான் போச்சு, காது இருக்கு."

அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. கெட்டவர் அல்ல, பழக்கம் அப்படி. மன்னிப்புக் கேட்டார், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். வீடு திரும்பும் வழியில் காருக்குள் இரண்டு பலூன்களும் கூரையில் முட்டிக்கொண்டு வந்தன. 

மனைவிக்கு ஒரு அண்ணன் உண்டு. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் மூட மாட்டார், கையை வைத்தால் வேலையை முடிக்காமல் எடுக்க மாட்டார். தங்கை புலம்பியதை அவர் போனில் முழுசாகக் கேட்டார். அவர் முழுசாகக் கேட்பது அபூர்வம். பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் ஓட்டி வந்தது ஒரு பழைய ஆம்புலன்ஸ்.

ஒரு ஆஸ்பத்திரி புது வண்டிகள் வாங்கிவிட்டுக் கழித்துப்போட்டது அது. மேலே சுழலும் விளக்கைக் கழற்றியிருந்தார்கள். பக்கவாட்டில் எழுத்துகளைச் சுரண்டியிருந்தாலும் அவை இருந்த இடம் மட்டும் அதிக வெள்ளையாகத் தெரிந்தது. பெயிண்டர் இறங்கி, பின்பக்க இரட்டைக் கதவை இரண்டு கையாலும் விரியத் திறந்தார். நாலடி அகலம். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம். பின்னால் நாற்காலியை அப்படியே தூக்கி உள்ளே வைக்கிற இரும்புத் தட்டு ஒன்றும் இருந்தது. அது வேலை செய்யவில்லை, அதனால் என்ன, வீட்டில்தான் லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறாரே என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"எப்படி மாப்பிள?" என்று திரும்பினார்.

மாப்பிள்ளை அங்கே இல்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையை நிமிர்த்தாமலே, அந்த வண்டியில் தான் ஏறப் போவதில்லை என்றான். அவள் அதை வீம்பு என்று நினைத்தாள். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்கிற வீம்பு. பெயிண்ட் அடித்தால் தெரியாது, அண்ணன் என்ன கலர் கேட்டாலும் அடித்துத் தருவார் என்றாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு நீ முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்துட்டு வந்தே. பின்னாடி என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

"சொல்லுங்க."

"ஒரு பையன் இருந்தான் என்கூட. நல்ல பையன். கால் விரலை ஆட்டுங்க சார்னு சொன்னான். ஆட்டினேன். மறுபடியும் ஆட்டுங்க சார்னான். ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்னு சொன்னேன். அவன் என் காலைப் பாத்தான், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. வழி பூரா அந்தக் கூரையையே பாத்துக்கிட்டு வந்தேன். ஒரு விளக்கு. வட்டமா. அதுல மூணு ஸ்க்ரூதான் இருந்துச்சு, நாலாவது இல்ல."

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இது தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே என்று நினைத்தாள். கிட்டே போய் அவன் தோளில் கையை வைத்தாள். வித்துடலாம்ங்க என்றாள். அவன் தலையாட்டினான். அன்றைக்கு உருளைக்கிழங்கைப் பாதி உரித்தபடியே போட்டுவிட்டுக் கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆனால் கழித்துப்போட்ட ஆம்புலன்ஸை வாங்க யார் ஓடி வருவார்கள்? விளம்பரம் கொடுத்தும் ஒரே ஒருவர்தான் பார்க்க வந்தார். கோழிக் கூண்டு ஏற்றுவதற்கு ஆகுமா என்று மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். வண்டி வாசலிலேயே நின்றது.

பெரியவளுக்கு அப்பா சொன்ன விஷயம் எதுவும் தெரியாது. வண்டியை விற்கப் போகிறார்கள் என்று மட்டும் தெரியும். விற்கும்வரை கனவு காணக் காசா பணமா என்று நினைத்தாளோ என்னவோ. அம்மாவின் டேப்பை எடுத்து வண்டியின் உள்ளளவை எடுத்தாள். பத்தரை அடி நீளம், ஐந்தடி பத்து அங்குல அகலம். கார் நிறுத்தும் சிமென்ட் தரையில் சாக்பீஸால் அதே அளவுக்கு ஒரு பெட்டி வரைந்தாள். அட்டைப்பெட்டிகளை உள்ளே வைத்து, இது அடுப்பு, இது அலமாரி என்று எழுதினாள். பொடிசைக் கட்டில் இருக்கும் இடத்தில் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டாள்.

அவன் ஜன்னலருகே உட்கார்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு கண் வெளியே போய்க்கொண்டே இருந்தது. அளவு என்று ஒன்றைத் தரையில் பார்த்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. பெரியவள் பின்கதவு ஓரமாக, குறுக்கே ஒரு பெரிய இரட்டைக் கட்டிலை வரைந்து, அப்பா அம்மா என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அவன் ஜன்னலைத் தள்ளித் திறந்தான்.

"கட்டிலைக் கொண்டுபோய் அங்க போட்டா, நான் எந்த வழியா உள்ள வர்றது?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சமையலறைக்குள்ளிருந்த அம்மாவுக்கும் அது காதில் விழுந்தது. கையில் இருந்த பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள். ஏற மாட்டேன் என்று சொன்னவன் வழி கேட்கிறான். வேண்டுமென்றேதான் அப்படி வரைந்தாயா என்று பிற்பாடு ஒருநாள் பெரியவளிடம் கேட்டாள். "இல்லம்மா, நிஜமாவே மறந்துட்டேன்," என்றாள் அந்தப் பெண்.

அவன் வெளியே வந்தான். நாற்காலியைச் சாக்பீஸ் கோட்டுக்குள் உருட்டிக்கொண்டு போய், ஒரு முழு வட்டம் திரும்பிப் பார்த்தான். சக்கரம் அட்டை அடுப்பில் இடித்தது. அடுப்பை ஒரு அடி தள்ளச் சொன்னான். மறுபடி திரும்பினான். கட்டில் இரண்டும் இரண்டு பக்கச் சுவரோரமும் நீளவாக்கில் போக வேண்டும், வலதுபக்கக் கட்டில் பகலில் கீல் போட்டு மேலே மடங்க வேண்டும், அப்போதுதான் நாற்காலி திரும்பும் என்றான். கட்டிலின் உயரம் பத்தொன்பது அங்குலம், ஒரு நூல் கூடவும் கூடாது குறையவும் கூடாது. நாற்காலியின் இருக்கை அந்த உயரம்தான், நகர்ந்து மாறிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு மேலே இரண்டு. அன்று சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

அடுத்து இரண்டு மாதம் வார இறுதிகளில் வீட்டு வாசல் பட்டறையானது. அவன் வண்டிக்குள் போகவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. பின்னால் இருந்த தூக்கும் தட்டு வெளியே இருந்ததால் அதில் வேலை செய்ய உள்ளே போக வேண்டியதில்லை. தட்டு பாதி உயரம் ஏறி நின்றுவிடும். பெயிண்டர் மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார். அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, இதற்கு மேலே ஏறாதே என்று சொல்கிற சுவிட்ச் வளைந்துபோய் முன்னாலேயே தடுக்கிறது என்றான். ஒரு சின்ன இரும்பு நாக்கு. நிமிர்த்தியதும் தட்டு உச்சிவரை போய், அடங்கி நின்றது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு கையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. கழுவச் சொல்லியும் ரொம்ப நேரம் கழுவாமல் இருந்தான்.

உள்வேலை எல்லாம் பெயிண்டரின் தலையில். ப்ளைவுட் அறுத்தார், அலமாரி பூட்டினார், வெளியிலிருந்து வரும் உத்தரவுகளுக்கெல்லாம் சரி மாப்பிள சரி மாப்பிள என்றார். அவர் முணுமுணுத்தது ஒரே ஒரு தடவைதான். கூரையில் இருக்கும் வட்ட விளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி ஓட்டை போட்டுக் கண்ணாடி மூடி வைக்க வேண்டும் என்று தங்கை சொன்னபோது. நல்ல கூரையை எந்தப் புத்திசாலியாவது வெட்டுவானா, நாளைக்கு ஒழுகினால் என்னைத்தானே திட்டுவீர்கள் என்றார். அவள் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுக் காரணம் சொன்னாள்.  அவர் தகரம் வெட்டும் கிரைண்டரை எடுத்துக்கொண்டு ஏறினார். வெட்டிய தகரத்தையும் விளக்கையும் சாக்கில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் தன் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

மற்ற இடம் முழுக்க அவள் கைவேலை. கடையில் மிஞ்சிய துணிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஃபோம் வெட்டி மெத்தைகளுக்கு உறை தைத்தாள். சுவருக்கெல்லாம் மெல்லிய பஞ்சு வைத்துத் துணி ஒட்டினாள். ஆஸ்பத்திரி வாடை போக வினிகரில் மூன்று தடவை துடைத்தாள். வெளியே பெயிண்டர் இளம்பச்சை அடித்தார். அதற்குள் அவள் பெரிய வண்டி ஓட்டவும் பழகிக்கொண்டாள். முதல் நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் ஒரு முத்தம் கொடுத்தது வண்டி. தூண் இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது.

எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன், "சரி," என்றான். தட்டில் நாற்காலியை ஏற்றி, பிரேக்கைப் போட்டு, தானே பொத்தானை அழுத்தினான். தட்டு மேலே போனது. உள்ளே உருண்டான். கட்டிலுக்கு நகர்ந்தான். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் படுத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே நாலு பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாருக்கு," என்றான்.

பெயிண்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவுக்குப் புது ரப்பர் போட்டிருக்கிறேன், காற்றுகூட நுழையாது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கதவையும் அடித்துச் சாத்தினார். தப் என்று கனமான, மூச்சை அடைக்கிற சத்தம். கூரையை மாற்றியிருந்தார்கள், வாடையைப் போக்கியிருந்தார்கள். கதவு சாத்தும் சத்தம் அதே சத்தம்தான்.

உள்ளேயிருந்து, "திற," என்று கேட்டது. அவன் குரல் மாதிரியே இல்லை. "திற, திற."

திறந்தபோது அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தான். பொடிசு பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெயிண்டர் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் கிளம்பும்வரை வாயே திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வீட்டுக்குள் வந்த பிறகு அவன் மனைவியிடம் சொன்னான்: "பதினேழு மாடிக் குழிக்குள்ள தொங்கினவன், ஒரு கதவுக்குப் பயப்படறேன். உங்க எல்லாரோட ரெண்டு மாச உழைப்பையும் பாழாக்கிட்டேன்."

அவள் துண்டால் அவன் கழுத்தைத் துடைத்துவிட்டாள். திரைச்சீலை தைக்கிறவளுக்கு வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோருமே ஏதாவது ஒன்று சொல்வார்கள். வெளிச்சமே வரக் கூடாது என்பார்கள், கொஞ்சம் வர வேண்டும் என்பார்கள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. எழுதிக்கொள்வாள்.

"கதவு சாத்தக் கூடாது. அவ்வளவுதானேங்க?" என்றாள். "அதுவும் ஒரு அளவுதான். எழுதிக்கறேன்."

ஓடும் வண்டியில் பின்கதவைத் திறந்துவைக்க முடியாது. அதனால் வழியில் அவன் முன்சீட்டில், அவளுக்குப் பக்கத்தில். நாற்காலியிலிருந்து சீட்டுக்குச் சறுக்கி மாற ஒரு வழவழப்பான பலகையைப் பெயிண்டர் இழைத்துக் கொடுத்தார். அதன் அடியில் யாருக்கும் தெரியாமல் சின்னதாக, மன்னிச்சிடு மாப்பிள என்று பெயிண்டால் எழுதியிருந்தார். பின்பக்கத்துக்கு, கதவின் முழு அகலத்துக்கும் அவள் ஒரு வலை தைத்தாள். கொசு வராது, காற்று வரும். நடுவில் ஜிப். கீழே காற்றில் பறக்காமல் இருக்க, திரைச்சீலைக்கு வைப்பது போல மடிப்புக்குள் ஈயக்குண்டு.

பள்ளி லீவு விட்ட அன்றே கிளம்பினார்கள். இளம்பச்சை அடித்தும் வண்டியின் ஜாடை போகவில்லை. முன்னால் போகும் கார்கள் கண்ணாடியில் பார்த்ததும் தானாக ஒதுங்கின. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் எனக்கு யாராவது வழிவிட்டது இன்றைக்குத்தான் என்று அவள் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டும் என்ன என்ன என்று கேட்டன.

ஏரியில் எல்லாமே நினைத்தபடி நடக்கவில்லை. தண்ணீர்வரை போகிற பாதையில் மரவேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. இதற்கு முன்னால் அந்த வேர்களை அவன் கவனித்ததே இல்லை, தாண்டிப் போயிருக்கிறான். நாற்காலி பாதியில் நின்றுவிட்டது. கரைக்கு முப்பது அடி தூரத்திலிருந்து பொடிசு நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இப்போது யார் முதுகும் இல்லாமல் நீந்தக் கற்றிருந்தாள். அது எப்போது நடந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பிவிட்டான். மனைவி பின்னாலேயே போகவில்லை. போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

வண்டியருகே ஒரு ஆள் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு நின்றார். கூடாரக் கம்பி காலில் குத்திவிட்டதாம்.

"டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

"இது வீடுங்க," என்றான் அவன். பிறகு அவர் பாதத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க. மருந்து இருக்கு," என்றான்.

காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டான். லிஃப்ட் குழியில் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஆள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாளைக்குள் குளவி கொட்டிய குழந்தை ஒன்று, விரலில் சிலாம்பு ஏறிய ஒருவர், காரணமே இல்லாமல் தலைசுற்றுகிறது என்று ஒரு பெரியவர், மூன்று பேர் வந்துவிட்டார்கள். பொடிசு மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவங்க வாங்க என்று அதிகாரம் பண்ணினாள். வந்தவர்கள் அவனிடம் காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. தங்கள் காலைப் பற்றித்தான் பேசினார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு இரவும் பின்கதவை விரியத் திறந்து வலையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, சாய்த்து அடிக்கிற மழை. துணிகளையும் அடுப்பையும் வாரிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஏறினார்கள். அவன் கடைசியாகத் தட்டில் ஏறி வருவதற்குள் நனைந்துவிட்டான். வலையைத் தாண்டிச் சாரல் நேராக மெத்தைமேல் விழுந்தது. பெரியவள் கதவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பெட்ஷீட்டை எடுத்து மெத்தைமேல் போட்டாள். அதுவும் நனைந்தது.

 அவன் மனைவி ஒரு பாத்திரத்தை எடுத்து, வலையிலிருந்து சொட்டுகிற இடத்தில் வைத்தாள். அவன் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"இடதுபக்கக் கதவை மட்டும் சாத்து," என்றான். "மெதுவா. சத்தம் வராம."

பெரியவள் கதவை ஒரு குழந்தையைப் படுக்கவைப்பது போலக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒரு பக்கம் இருட்டானது. அவன் கண்ணை மூடி, சுவரில் ஒட்டிய துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தான். மனைவி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணும் சாத்தவாப்பா?" என்று கேட்டாள் பொடிசு.

"வேணாம். அது இருக்கட்டும்."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் திறந்த பக்கத்தில் குப்புறப் படுத்து, ஜிப்பைக் கொஞ்சம் விலக்கி, ஒரு கையை வெளியே மழையில் நீட்டிக்கொண்டாள். வலதுபக்கக் கட்டில் முழுக்க நனைந்துபோனது. நாலு பேரும் இடதுபக்கக் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். பெரியவள் ஏமாற்றினாள். அவன் கண்டுபிடித்தான். அவள் இல்லவே இல்லை என்று சாதித்தாள். சண்டை முற்றி, சீட்டுக்கட்டு பாத்திரத்துத் தண்ணீரில் விழுந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே பெயிண்டர் வந்து நின்றார். எப்படி இருந்தது என்று கேட்கத் தைரியம் வராமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். அவன் அவரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினான். பின்கதவுக்கு மேலே மூன்றடி நீளத்தில் மடங்கும் பந்தல் வேண்டும். சாரலுக்கு. நாற்காலியை உள்ளே கட்டிவைக்கத் தரையில் இரண்டு கொக்கி வேண்டும், வளைவில் தானாக ஓடுகிறது. வேர்மேல் போட நாலு பலகை, எட்டடியில். பெரியவளின் மேல்கட்டிலை மூன்று அங்குலம் நீட்ட வேண்டும், பெண் வளர்கிறாள்.

பெயிண்டர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். கூரை ஒழுகியது என்று எதிலும் இல்லை.

"கண்ணாடி ஒழுகலையா மாப்பிள?"

"ஒரு சொட்டு இல்ல மச்சான்," என்றான் அவன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகை எட்டடி போதாது, பத்தடியாகப் போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தார். மத்தியானம்வரை பேசினார்.